ஷஃபான் வரை காத்திருக்க வேண்டாம்: வேண்டாத சாமான்களைக் கழிக்க எது சரியான காலம்?

ஷஃபான் பிறை பிறந்ததும் நம் வீடுகளில் ஒரு பரபரப்பு தொடங்கிவிடும். பரணில் இருப்பது கீழே இறங்கும். பீரோ காலியாகும். சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் தேடுவார்கள். ரமளான் என்ற விருந்தாளியை வரவேற்க வீட்டைத் துப்புரவாக்குவது தமிழ் முஸ்லிம்களிடம் தலைமுறைகளாக இருந்துவரும் நல்ல பழக்கம். துப்புரவை ஈமானோடு சேர்த்துப் பேசிய மார்க்கம் நம்முடையது. ஆகவே இந்தப் பழக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்டு முழுவதும் சேர்ந்த உடைந்த வாளி, பழைய டயர், ஓட்டை சிமெண்ட் தொட்டி, பழுதான ஏர்கூலர் எல்லாவற்றையும் "ஷஃபானில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மொட்டை மாடியிலும் கொல்லையிலும் போட்டுவைக்கிறோம். ஷஃபான் வருவதற்கு முன் மழை வந்துவிடுகிறது. மழைக்குப் பின்னால் காய்ச்சலும் வந்துவிடுகிறது.

வீட்டின் வேண்டாத சாமான்களைக் கழிக்க எது சரியான காலம்? மார்க்கத்தையும் நம் ஊர் வானிலையையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம்.

நகரும் மாதமும் நகராத மழையும்

நம் ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். சூரிய ஆண்டைவிடப் பத்து, பதினொரு நாட்கள் குறைவு. அதனால் ரமளானும் ஷஃபானும் ஒவ்வோர் ஆண்டும் அத்தனை நாட்கள் முன்னால் நகர்கின்றன. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகின்றன.

2015-ல் ரமளான் ஜூன் மாதத்தில் வந்தது. அப்போது ஷஃபான் என்றால் நல்ல வெயில். மாடியைக் கழுவிவிட்டாலும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். 2026-ல் ரமளான் பிப்ரவரிக்கு வந்துவிட்டது. 2030-ல் ஒரே ஆண்டில் இரண்டு ரமளான்கள் தொடங்கும்: ஒன்று ஜனவரி முதல் வாரத்தில், மற்றொன்று டிசம்பர் கடைசியில். அதற்குப் பிறகு டிசம்பர், நவம்பர் என்று பின்னோக்கிப் போகும்.

அப்படியானால் ஷஃபான் எங்கே இருக்கும்? 2029 டிசம்பரிலிருந்து 2035 வரை ஆறேழு ஆண்டுகளுக்கு, ஷஃபான் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்குள்தான் வரும். தமிழகத்தின் பெருமழைக் காலம் அதுதான். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, சராசரியாக 44 சென்டிமீட்டர் அளவில், இந்த மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது.

வெயிலில் வந்த ஷஃபானைப் பார்த்துப் பழகிய கைகள், இனி மழையில் வரும் ஷஃபானில் அதே வேலையைச் செய்யப் பார்க்கும். வெள்ளையடித்த சுவர் காயாது. வெளியே எடுத்து வைத்த சாமான் நனையும். அதைவிடப் பெரிய ஆபத்து, மழைநீர் தேங்கும் பாத்திரங்கள் அதுவரை மாடியிலேயே கிடப்பது.

பிறையை விட்டுச் சூரியனைப் பார்க்கலாமா?

"நமக்குப் பிறைக் கணக்குதானே? ஆவணி, புரட்டாசி என்று ஏன் பார்க்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நோன்பு, ஹஜ், பெருநாள், ஜகாத்தின் ஆண்டுக் கணக்கு, இத்தா ஆகியவை பிறையைச் சார்ந்தவை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உலக வாழ்வின் வேலைகளைப் பருவத்தோடு பொருத்திக்கொள்வதை மார்க்கம் தடுக்கவில்லை.

குறைஷிகளின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் குர்ஆன் அருட்கொடையாக எடுத்துச் சொல்கிறது. அந்தப் பயணங்கள் பருவத்தைப் பார்த்துப் போனவை. விளைச்சலுக்குரிய கடமையை அறுவடை நாளிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று அல்அன்ஆம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அறுவடை பிறையைப் பார்த்து வருவதில்லை, பருவத்தைப் பார்த்து வருகிறது.

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி உண்டு. பாத்திரங்களை மூடி வைக்கும்படியும் தண்ணீர்ப் பைகளின் வாயைக் கட்டி வைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். ஆண்டில் ஓர் இரவில் கொள்ளைநோய் இறங்குகிறது, திறந்து கிடக்கும் பாத்திரத்தில் அது விழாமல் போவதில்லை என்பது அதற்கு அவர்கள் சொன்ன காரணம். இதை அறிவிப்பவர்களில் ஒருவரான இமாம் லைஸ் (ரஹ்), தம் பகுதியில் வாழும் அரபியரல்லாதவர்கள் 'கானூனுல் அவ்வல்' மாதத்தில் இது குறித்து எச்சரிக்கையாக இருப்பார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். கானூனுல் அவ்வல் என்பது சூரியக் கணக்கின் டிசம்பர் மாதம்.

இந்த ஹதீஸ் டெங்குவைப் பற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. அது மறைவான விஷயம். அதன் பொருளை நாமாக நீட்டக் கூடாது. ஆனால் திறந்த பாத்திரத்தையும் நோயையும் சேர்த்து எச்சரித்த ஒரு மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர்கள், மழைக்கு முன் தங்கள் மாடியில் திறந்து கிடப்பது என்னவென்று பார்க்காமல் இருக்கலாமா?

மழைக்கு முன் ஏன்? கொசுவின் கணக்கு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. நம் வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீர்தான் அதற்கு விருப்பம். தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டியின் அடித்தட்டு, டயர், உடைந்த பிளாஸ்டிக் குடம், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு, கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லின் குழி என எதில் வேண்டுமானாலும் அது வளரும். பகலில் கடிக்கும். பிறந்த இடத்திலிருந்து வெகுதூரம் பறக்காது. எனவே ஒரு தெருவில் டெங்கு வந்தால், அந்தக் கொசு பெரும்பாலும் அதே தெருவில் பிறந்ததாகத்தான் இருக்கும்.

முக்கியமான செய்தி இனிமேல்தான். இந்தக் கொசு முட்டையைத் தண்ணீரின் மேல் விடுவதில்லை. தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை சாவதில்லை. மாதக்கணக்கில் காய்ந்த நிலையில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் அதைத் தொட்டதும் பொரிக்கும். பிறகு ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும்.

வெயில் காலத்தில் மாடியில் காய்ந்து கிடக்கும் டயரைப் பார்த்து "தண்ணீர்தான் இல்லையே" என்று நினைக்கிறோம். போன மழையில் இட்ட முட்டை அதன் உள்ளே காத்துக்கொண்டிருக்கலாம். முதல் மழை பெய்தபின் கவிழ்த்துவிடலாம் என்பதும் பலிக்காது. தண்ணீரைக் கொட்டினாலும் சுவரில் ஒட்டிய முட்டை அங்கேயே இருக்கும். வேண்டாத பாத்திரம் மழைக்கு முன் வீட்டை விட்டுப் போக வேண்டும். வேண்டிய பாத்திரத்தை நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இது சின்ன விஷயம் அல்ல. அரசின் கணக்குப்படி 2017-ல் மட்டும் தமிழகத்தில் 23,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. 65 பேர் உயிரிழந்தார்கள். டெங்குக் கிருமியில் நான்கு வகைகள் உள்ளன. ஒருமுறை ஒரு வகை வந்து குணமானவருக்கு அடுத்த முறை வேறு வகை வந்தால், நோய் கடுமையாக வாய்ப்பு அதிகம். "எங்களுக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே" என்று யாரும் அலட்சியமாக இருக்க முடியாது.

நம் மாடியில் பிறந்த கொசு அண்டை வீட்டுக் குழந்தையைக் கடிக்கிறது. யாருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமின்றி இருக்க முடியவில்லையோ அவர் உண்மையான நம்பிக்கையாளர் அல்ல என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியில் இருக்கிறது. இதைச் சண்டை சச்சரவுக்கு மட்டுமே நாம் பொருத்திப் பார்க்கிறோம். கொல்லையில் கிடக்கும் டயருக்கும் இது பொருந்தும்.

ஒரு நாளில் 95 சென்டிமீட்டர்

மழை நோயை மட்டும் கொண்டுவருவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம் சமுதாயம் மறக்க முடியாது. மாநிலம் முழுவதும் மூன்று மாதத்தில் சராசரியாகப் பெய்யும் மழையைப் போல் இரண்டு மடங்கு, ஒரே ஊரில் ஒரே நாளில் பெய்தது.

அப்படிப்பட்ட நாளில் கட்டிலுக்கு அடியிலும் படிக்கட்டுக்குக் கீழும் திணித்து வைத்த சாமான்கள்தான் முதலில் மிதக்கும். வாசலை அடைக்கும். வடிகாலில் போய்ச் சிக்கி, வடிய வேண்டிய தண்ணீரைத் தடுக்கும். பத்து ஆண்டாகத் திறக்காத பெட்டிகளுக்கு நடுவில் நிலப் பத்திரத்தையும் பாஸ்போர்ட்டையும் நிகாஹ் சான்றையும் தேட அந்த நேரத்தில் முடியாது. மழைக்கு முன் கழித்துவிட்டால், காப்பாற்ற வேண்டியது எங்கே இருக்கிறது என்பதாவது தெரியும்.

ஆண்டுக்கு ஓர் அட்டவணை

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்வதால்தான் வேலை மலையாகத் தெரிகிறது. இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

*சித்திரை, வைகாசி (ஏப்ரல், மே):* வீட்டின் உள்பக்கம். பாய், தலையணை, கம்பளி ஆகியவற்றை வெயிலில் காயப்போடும் காலம் இது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. போன வகுப்புப் புத்தகம், பை, சிறுத்துப்போன சீருடை ஆகியவற்றை இப்போதே பிரித்தால்தான் ஜூனில் பள்ளி திறக்கும்முன் தேவைப்படும் பிள்ளைக்குப் போய்ச் சேரும். ஆகஸ்டில் கொடுத்தால் அது யாருக்கும் பயன்படாது.

*ஆவணி முதல் புரட்டாசி நடு வரை (ஆகஸ்ட் பின்பாதி, செப்டம்பர்):* இதுதான் பெரிய கழிப்புக்கு உரிய காலம். மொட்டை மாடி, கொல்லை, சன்ஷேடு, தண்ணீர்த் தொட்டி, மழைநீர் இறங்கும் குழாய் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். செப்டம்பர் 30-ஐக் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். குவியலில் தேள், பாம்பு இருக்கலாம். வெறுங்கையை உள்ளே விடாமல் முதலில் கம்பால் கிளறுங்கள்.

*மழைக்காலம்:* பெரிய வேலை வேண்டாம். வாரம் ஒருமுறை, ஜும்ஆவுக்குக் குளிக்கப் போகும்முன் பத்து நிமிடம் மாடியையும் கொல்லையையும் சுற்றிப் பார்த்தால் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், வெள்ளிக்கு வெள்ளி பார்ப்பது சரியான கணக்கு. வளைகுடாவிலிருந்து வந்து உறை பிரிக்காமலே பரணில் கிடக்கும் கம்பளிகளை மார்கழிப் பனிக்கு முன் கொடுத்துவிடுங்கள்.

*ஷஃபான்:* எந்தப் பருவத்தில் வந்தாலும், அடுக்களையும் தொழும் இடமும் துடைத்தால் போதும் என்ற அளவுக்கு வேலை சுருங்கியிருக்கும்.

இது தமிழகத்தின் பெரும்பகுதிக்கான கணக்கு. கன்னியாகுமரி போலத் தென்மேற்குப் பருவமழையும் பெறும் ஊர்களில் மே மாதத்திலேயே ஒருமுறை மாடியைப் பார்த்துவிட வேண்டும். இலங்கையில் கொழும்பு, பேருவளைப் பக்கம் இருப்போருக்கும் மே மழைக்கு முந்தைய வாரங்கள் முக்கியம். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் இருப்போருக்கு வடகிழக்கு மழைதான் பெருமழை. உங்கள் ஊருக்குப் பெருமழை எப்போது வருகிறதோ அதற்கு ஒரு மாதம் முன் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

இந்த வேலையைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஷஃபான் முழுவதும் பரணைத் துடைத்தே களைத்துப்போன ஒரு தாய், ரமளான் முதல் இரவில் தராவீஹுக்கு எப்படி நிற்பார்? பெரிய வேலையை முன்கூட்டியே முடிப்பது, அவருடைய ரமளானை அவருக்குத் திருப்பிக் கொடுப்பதும்கூட.

கழிக்கும்முன் கேட்க வேண்டிய கேள்விகள்

*இது யாருடையது?* நம் வீடுகளில் பரணை அடைத்துக்கொண்டிருப்பதில் ஒரு பகுதி, மறைந்த பெற்றோரின் சாமான்கள். ஒருவர் இறந்தால் அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத மரண சாசனம் போக, எஞ்சியது குறைவானாலும் அதிகமானாலும் வாரிசுகளுக்கு உரியது. வாப்பாவின் கைக்கடிகாரமும் உம்மாவின் பித்தளைத் தேக்சாவும் இதில் அடங்கும். அந்த வீட்டில் குடியிருக்கும் மகன் மட்டும் முடிவெடுத்து எடைக்குப் போட முடியாது. தானமாகக் கொடுப்பதென்றாலும் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வாரிசுகளில் சிறுபிள்ளை இருந்தால் அதன் பங்கை யாரும் தானம் செய்ய முடியாது. திருமணமாகிப் போன சகோதரிகளிடம் கேட்காமல் கழித்துவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. இதற்குச் சரியான காலம் கடனும் சாசனமும் தீர்ந்த உடனே. தள்ளிப்போய்விட்டது என்றால், எல்லோரும் கூடும் வரும் விடுமுறையிலாவது உட்கார்ந்து பேசி முடியுங்கள்.

*இது குப்பைதானா?* கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் அரபுத் தமிழ் கிதாபுகள் இன்னும் இருக்கின்றன. அரபு எழுத்தில் தமிழை எழுதி நம் முன்னோர் படித்த நூல்கள் அவை. படிக்கத் தெரியவில்லை என்பதற்காக அவற்றைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தெரிந்த ஓர் ஆலிமிடம் ஒருமுறை காட்டுங்கள். கிழிந்த குர்ஆன் பிரதிகளைக் குப்பையிலோ கடையிலோ சேர்க்கக் கூடாது. சுத்தமான, கால் படாத இடத்தில் துணியில் சுற்றிப் புதைப்பது ஒரு வழி. எரித்துச் சாம்பலை அப்புறப்படுத்துவதற்கும் உஸ்மான் (ரலி) அவர்களின் செயல் முன்மாதிரியாக இருக்கிறது. உங்கள் ஊர் ஆலிம் சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள்.

*இதைக் கொடுக்கலாமா?* கண்ணை மூடிக்கொண்டால் ஒழிய நாமே வாங்கிக்கொள்ளாத மட்டமான பொருளை அல்லாஹ்வின் பாதையில் கொடுக்க நாடாதீர்கள் என்ற கருத்தை அல்பகரா அத்தியாயத்தின் 267-வது வசனம் சொல்கிறது. ஜிப் அறுந்த பை, கறை படிந்த சட்டை, சூடாகாத இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றை ஏழையிடம் தள்ளிவிடுவது தர்மம் ஆகாது. நம் வீட்டுக் குப்பையை அவர் வீட்டுக்கு மாற்றுகிறோம், அவ்வளவுதான். துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள். பழைய துணி கொடுத்துவிட்டதால் ஜகாத் கடமை தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம்.

*வேறு பயன் உண்டா?* செத்துக் கிடந்த ஓர் ஆட்டைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் தோலையாவது பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். கழிவிலும் பயனைத் தேடச் சொன்ன வழிகாட்டல் அது. பழைய இரும்புக் கடைக்குத் தமிழில் 'காயலான் கடை' என்று பெயர். அந்தப் பெயர் காயல்பட்டினத்து வணிகர்களால் வந்தது என்று சொல்வதுண்டு. இரும்பு, பித்தளை, காகிதம், அட்டைப்பெட்டி எல்லாம் அங்கே விலைபோகும். பழைய செல்போன், பேட்டரி, டியூப்லைட் போன்றவற்றைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்குமிடத்தில் தனியே சேர்க்க வேண்டும். டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்கவே கூடாது. அந்தப் புகை நம் பிள்ளைகளின் நுரையீரலுக்குத்தான் போகிறது.

கழித்ததைத் தெருமுனையிலோ வாய்க்காலிலோ கொட்டிவிட்டு வந்தால் செய்த வேலையெல்லாம் வீண். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. அதைக் கொண்டுபோய்ப் பாதையில் போடுவது எதன் கிளை என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

பள்ளிவாசலிலிருந்து தொடங்கலாம்

பல மஹல்லாக்களில் பள்ளிவாசலின் பின்பக்கத்தைப் பாருங்கள். கிழிந்த பாய்கள், கால் உடைந்த நாற்காலிகள், பழைய மைக் செட், மூடி இல்லாத தண்ணீர்த் தொட்டி என்று கிடக்கும். வக்ஃபு சாமான் என்பதால் தொட யாருக்கும் துணிவு வருவதில்லை. ஜமாஅத் கூடி முடிவெடுத்து, பட்டியல் எழுதி, விற்ற தொகையைப் பள்ளிக்கே வரவு வைத்தால் போதும். செப்டம்பரில் ஒரு ஜும்ஆவில் கதீப் ஐந்து நிமிடம் இதைப் பற்றிப் பேசி, அன்று அஸருக்குப் பின் இளைஞர்கள் பள்ளியிலிருந்தே வேலையைத் தொடங்கினால், தெருவும் பின்தொடரும்.

ஒரு வீட்டில் எத்தனை விரிப்புகள் இருக்கலாம் என்பதற்கும் நபி (ஸல்) அவர்கள் ஒரு கணக்குக் காட்டினார்கள். கணவனுக்கு, மனைவிக்கு, விருந்தாளிக்கு என மூன்று. அதற்கு மேற்பட்ட நான்காவதை ஷைத்தானுக்கு உரியது என்றார்கள். முஸ்லிமில் உள்ள இந்தச் செய்திக்கு அறிஞர்கள் தரும் விளக்கம், தேவைக்கு மேல் பெருமைக்காகச் சேர்ப்பதை இது கண்டிக்கிறது என்பதாகும். நம் பரணில் இருப்பதில் எவை முதல் மூன்று, எவை நான்காவது என்று பிரித்துப் பார்ப்பது நம் பொறுப்பு.

ஷஃபான் பிறை எந்தப் பருவத்தில் வந்தாலும் வரட்டும். அதற்கு முன் செப்டம்பர் வந்துவிடும். இந்த ஆண்டு மழையின் முதல் துளி விழும்போது நம் மாடியில் அதை ஏந்திக்கொள்ள ஒரு சிரட்டைகூட இருக்கக் கூடாது. அந்த மழை ரஹ்மத்தாக மட்டுமே இறங்கவும், நம் பிள்ளைகளையும் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் நோயிலிருந்து காக்கவும் அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.